பூட்ஸ் அளவு 2: ஆஸ்திரேலியாவின் ரிட்ரெஸ் ஸ்கீம், ஒரு ரிவ்யூ

நான் இதுவரை ரிவ்யூ எழுதியதெல்லாம் மிக்ஸிக்கும் டான்டினாங் பக்கத்து மளிகைக் கடைகளுக்கும்தான். அரசாங்கத் திட்டத்துக்கெல்லாம் நட்சத்திரம் போடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சேவை என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள் இல்லையா, அப்புறம் மார்க் போட்டால் என்ன. ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு, போனை எடுத்துப் பேசும் மனிதர்களுக்கு. திட்டத்துக்கென்று பார்த்தால் ஒன்றுதான்.

மெல்பர்னில் வயதானவர்களை வீட்டுக்கே போய் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. குளிக்க உதவுவது, மாத்திரை எடுத்து வைப்பது, கடைக்குக் கூட்டிப்போவது. அப்படிப் போகும் ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். ஆறு வயதில் ஒரு சிறுவர் இல்லத்தில் விடப்பட்டு பதினைந்து வயதில் வெளியே வந்தவர். அவருக்காகத்தான் இந்த நேஷனல் ரிட்ரெஸ் ஸ்கீமுக்கு, அதாவது சின்ன வயதில் இல்லம், சர்ச் மாதிரி அமைப்புகளில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான அரசாங்க இழப்பீட்டுத் திட்டத்துக்கு, விண்ணப்பம் போட்டோம். வேலை நேரத்தில் இதையெல்லாம் செய்யக்கூடாது, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேர் போடாதே, ஹோம் பேர் போடாதே, மிச்சமெல்லாம் போடு" என்றார். எனவே பெரியவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. போன நூற்றாண்டில் இந்த நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அனாதை இல்லங்களிலும் சர்ச் ஹோம்களிலும் அரசு ஹோம்களிலும் வளர்ந்தார்கள். அனாதை என்று பெயர்தானே தவிர, நிறையப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். குடும்பத்தில் காசில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான் காரணம். விக்டோரியாவில் பிள்ளையைச் சிறுவர் கோர்ட்டில் நிறுத்தி, 'கவனிப்பாரற்று இருந்தது' என்பதையே அந்தப் பிள்ளை மேல் குற்றச்சாட்டாகப் போட்டு உள்ளே அனுப்புவார்கள். ஆறு வயதுப் பையன் மேல். 2004-இல் செனட் கமிட்டி ஒன்று இவர்களைப் பற்றி 'மறக்கப்பட்ட ஆஸ்திரேலியர்கள்' என்று அறிக்கை கொடுத்தது. 2009 நவம்பர் 16-இல் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். 2012 நவம்பரில் அப்போதைய பிரதமர் ஜூலியா கில்லர்ட், அமைப்புகளில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை விசாரிக்க ராயல் கமிஷன் என்ற பெரிய விசாரணைக் குழுவை அறிவித்தார். அந்தக் கமிஷன் ஐந்து வருடம் உட்கார்ந்து, 8,000-க்கும் அதிகமானவர்களைத் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு, 2017 டிசம்பரில் 17 தொகுதிகளாக அறிக்கை வைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ஸ்கீம். 2018 ஜூலை 1-இல் தொடங்கியது, பத்து வருடத்துக்கு மட்டும்.

பெரியவர் கமிஷனுக்குப் போகவில்லை. "அது சர்ச் பையன்களுக்கு என்று நினைத்தேன், நாங்கள் வெறும் ஹோம் பையன்கள்" என்றார்.

சரி, சேவைக்கு வருவோம். மூன்று பொருள் தருகிறார்கள். ஒன்று பணம். இரண்டு கவுன்சலிங். மூன்றாவதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அர்த்தம் இதுதான்: அந்த இல்லத்தை நடத்திய அமைப்பிலிருந்து பொறுப்பில் இருக்கும் ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்டு மன்னிப்புக் கேட்பார். வேண்டுமென்றால் கடிதமாகவும் வாங்கிக்கொள்ளலாம். மூன்றில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததை விடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் கொண்டு வா, சாட்சி கொண்டு வா என்று கேட்கவில்லை. கோர்ட்டில் நிரூபிப்பது மாதிரி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று முடிவெடுப்பவருக்குத் தோன்றினால் போதும். அறுபது வருடத்துக்கு முன்னால் நடந்ததற்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது, பாதிப்பேர் செத்துப் போய்விட்டார்கள். ஆரம்பத்தில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று, சாட்சிக் கையெழுத்தோடு கேட்டிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், யாரிடமும் சொல்லாத விஷயத்தை எழுதிவிட்டு, கையெழுத்துக்காகத் தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டும். 2021-இல் ராபின் க்ரக் என்பவர் தனியாக ஒரு மதிப்பாய்வு செய்து 38 பரிந்துரைகள் கொடுத்த பிறகு அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கும் குணமாகாத நோய் உள்ளவர்களுக்கும், பூர்வகுடி மக்கள் என்றால் 55 தாண்டினாலே, முடிவு வரும் முன்பே 10,000 டாலர் முன்பணம் என்பதும் அதற்குப் பிறகு வந்ததுதான். பெரியவருக்கு அது வந்தது. பல் செட் கட்டினார். அந்த இல்லத்தில் இருந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட பல் டாக்டரைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் சொன்னார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

இன்னொன்று, இந்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது, பென்ஷனுக்கான வருமானக் கணக்கிலும் சேராது. இதைப் பலரும் பயந்துகொண்டு கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இனி படிவம். அரசாங்கப் படிவம் எல்லாமே படுத்தும், ஆனால் இது வேறு மாதிரி. என்ன நடந்தது என்று கேட்டு ஒரு பெரிய வெற்றுக் கட்டம். அது உங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று கேட்டு இன்னொரு பெரிய வெற்றுக் கட்டம். பெரியவர் மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்து அவருக்கு வாராது. பென்சிலால்தான் எழுதுவேன் என்று அடம். முதல் கட்டத்தை நான் பார்க்கவில்லை, சமையலறைக்குப் போய் டீ போட்டேன், மூன்று முறை போட்டேன். இரண்டாவது கட்டத்தைக் காட்டினார். 'ஒன்றும் பாதிக்கவில்லை, நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

அவர் வீட்டு ஃப்ரீசரில் எப்போது பார்த்தாலும் ஆறு ஏழு ரொட்டிப் பாக்கெட் இருக்கும். ஒரே ஆள், வாரத்துக்கு ஒரு பாக்கெட் போதும். ஐந்துக்குக் கீழே இறங்கினால் மனிதர் நிலைகொள்ளமாட்டார், மழை என்றாலும் கடைக்குப் போகவேண்டும் என்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை, போய் ஃப்ரீசரைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அழித்துவிட்டு 'பிரெட்' என்று ஒரு வார்த்தை எழுதினார். அதற்குப் பிறகு இலவச உதவி மையத்தில் ஒரு பெண்மணி போனில் பிடித்துக்கொண்டார், நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், அவசரப்படுத்தாமல் கேட்டுக் கேட்டு எழுதவைத்தார். நான் கொடுத்த இரண்டு நட்சத்திரம் இவருக்குத்தான். இந்த உதவி மையங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது, உங்களிடம் ஒரு சென்ட் வாங்கமாட்டார்கள். சட்ட ஆலோசனைக்கு 'நோமோர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதுவும் இலவசம்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், விண்ணப்பம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு வக்கீல் ஆபீசிலிருந்து பெரியவருக்குப் போன் வந்தது. நம்பர் எப்படிக் கிடைத்ததோ. "நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், வருகிற பணத்தில் ஒரு பங்கு மட்டும்" என்று தேன் மாதிரிப் பேசினார்கள். அவர் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுவிட்டார். பேர் சொல்லி வம்பில் மாட்ட எனக்கு இஷ்டமில்லை. இலவசமாகக் கிடைப்பதைப் பங்கு கேட்டுச் செய்கிறேன் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த அட்டவணை. நான் இரண்டு நட்சத்திரம் வெட்டியதற்கு முழுக் காரணமும் இதுதான்.

பணம் எவ்வளவு என்று முடிவு செய்ய ஒரு கட்டம் போட்ட அட்டவணை வைத்திருக்கிறார்கள். நடந்த பாலியல் கொடுமையை உடல்ரீதியாக மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. மேல்வகைக்கு உச்சம் 150,000 டாலர், நடுவகைக்கு 50,000, கீழ்வகைக்கு 20,000. 'மிக மோசமான சூழ்நிலை' என்று ஒரு 50,000 இருக்கிறது, அதுவும் மேல்வகைக்கு மட்டும்தான். கீழ்வகையில் வந்தவனுக்கு எவ்வளவு மோசமான சூழ்நிலை இருந்தாலும் அது மோசம் இல்லை. வாழ்க்கை எப்படிப் பாதித்தது என்பதற்கான தொகையும் அப்படியே, 20,000, 10,000, 5,000. அதாவது உங்கள் வாழ்க்கை எவ்வளவு சிதைந்தது என்பதை நீங்கள் சொல்ல முடியாது, அந்த வகை சொல்லும். கவுன்சலிங்கைப் பணமாகக் கொடுக்கும் இடங்களில் அதிலும் இதே படிக்கட்டு: 5,000, 2,500, 1,250. கீழ்வகைக்காரனுக்குக் குறைவாகத்தான் அழுகை வரும்போல. ராயல் கமிஷன் சொன்ன உச்சவரம்பு 2 லட்சம், அரசாங்கம் அதில் கால்வாசியை வெட்டிவிட்டது. கமிஷனும் ஒரு அட்டவணை சொன்னதுதான், ஆனால் அதில் பாதிப்புக்குத் தனியாக மார்க் இருந்தது, வகைக்குள் அடைத்து வைக்கவில்லை.

அப்புறம் அடி உதை. பெல்ட்டால் அடித்தது, பட்டினி போட்டது, இருட்டறையில் அடைத்தது, இதெல்லாம் தனியாக இருந்தால் ஸ்கீமில் செல்லாது. பாலியல் கொடுமை ஏதாவது ஒன்று இருக்கவேண்டும், இருந்தால் இந்த அடி உதைக்கு எல்லாம் சேர்த்து மொத்தமாக 5,000. பெரியவர் மேஜை டிராயரிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். ஒன்பது வருடம், முன்னூற்று அறுபத்தைந்தால் பெருக்கி, ஐயாயிரத்தை வகுத்தார். "ஒரு நாளைக்கு ஒன்றரை டாலர், மேட். அன்றைக்கே கொடுத்திருந்தால் பணக்காரனாகியிருப்பேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஒரு அண்ணன் உண்டு, ஜீலாங்கில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நாளில் அதே இல்லத்துக்குப் போனவர்கள். அண்ணனுக்கு இடது காது கேட்காது, அது அங்கே வாங்கிய அடி. ஆனால் வேறு எதுவும் நடக்கவில்லை என்கிறார். ஆகவே அவர் விண்ணப்பிக்கவே முடியாது. 1928-இலிருந்து 1990 வரை விக்டோரியாவில் மட்டும் 90,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி இல்லங்களில் இருந்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரி 8-இல் மாநில பார்லிமென்ட் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபோது அடி, பட்டினி, புறக்கணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்டது. அந்த மன்னிப்பில் அண்ணன் இருக்கிறார். இந்தப் படிவத்தில் இல்லை.

வேறு நாட்டில் எப்படி என்று தேடிப் பார்த்தேன், இதைவிட நல்ல கடை ஏதாவது இருக்கிறதா என்று. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்காக 2007-இல் ஒரு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அங்கே இருந்தேன் என்றாலே முதல் வருடத்துக்கு 10,000, அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000 கனடா டாலர், என்ன நடந்தது என்ற கேள்வியே இல்லை. கொடுமைகளுக்கு அது தவிர தனி விசாரணை. இந்த முதல் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது, அண்ணனுக்கும் ஏதாவது கிடைத்திருக்கும். அயர்லாந்தில் 2002-இல் சட்டம் போட்டு ஒரு வாரியம் அமைத்தார்கள், சுமார் 15,000 பேருக்குப் பணம் கொடுத்தார்கள், சராசரி 62,000 யூரோ பக்கம். ஆனால் பணம் வாங்கியவர் அந்த விவரத்தை வெளியில் சொன்னால் குற்றம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சின்ன வயதிலும் வாயை மூடு, வயதான பிறகும் வாயை மூடு. அது மட்டுமா, 18 கத்தோலிக்க சபைகளிடம் மொத்தம் 128 மில்லியன் யூரோ மதிப்புக்குப் பணமும் சொத்தும் வாங்கிக்கொண்டு மிச்சப் பொறுப்பை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. கடைசியில் செலவு 100 கோடி யூரோவைத் தாண்டிப் போனது. இங்கே ஆஸ்திரேலியாவிலேயே மேற்கு மாநிலத்தில் 2008-இல் ஒரு திட்டம் தொடங்கி, 80,000 டாலர் வரை என்று சொல்லி விண்ணப்பமெல்லாம் வாங்கிய பிறகு, உச்சவரம்பை 45,000 ஆக்கிவிட்டார்கள். அப்படி முன்பு எங்காவது அதே கொடுமைக்காகப் பணம் வாங்கியிருந்தால், இந்த ஸ்கீமில் அதைக் கழிப்பார்கள், பணவீக்கக் கணக்கும் ஏற்றிக் கழிப்பார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு நம் ஸ்கீம் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றத்தான் செய்கிறது, ஆனால் பக்கத்துக் கடை இட்லி கல் மாதிரி இருக்கிறது என்பதற்காக இந்தக் கடை இட்லிக்கு மார்க் ஏற்ற முடியுமா.

விண்ணப்பத்தில் நாம் குறிப்பிடும் அமைப்பு பொதுவாக ஸ்கீமில் சேர்ந்திருக்கவேண்டும், பணச் செலவு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும். சேராமல் இழுத்தடித்தவர்கள் உண்டு, யெகோவாவின் சாட்சிகள் சபை 2021-இல்தான் சேரச் சம்மதித்தது, அதுவும் சேராத அமைப்புகளின் வரிச்சலுகையில் அரசாங்கம் கைவைக்க ஆரம்பித்த பிறகு. ஜெயிலில் இருப்பவர்கள் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது. ஹோமில் வளர்ந்து தெருவுக்கு வந்து ஜெயிலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கே கதவைச் சாத்துவது என்ன நியாயமோ. 2024-இல்தான் அதை மாற்றினார்கள். மறுபரிசீலனை கேட்டால் தொகை குறையவும் கூடும் என்று இருந்ததையும் அப்போதுதான் எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் ஆறு மாதம் அவகாசம் கொடுக்கிறார்கள், ஏற்பதா மறுப்பதா என்று. ஏற்றால் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும்: அந்த அமைப்பின் மேல் இனி இந்த விஷயமாகச் சிவில் வழக்குப் போடமாட்டேன் என்று. விக்டோரியாவில் இந்த வழக்குகளுக்குக் காலவரம்பு 2015-லேயே போய்விட்டது, கோர்ட்டுக்குப் போனால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இலவச வக்கீல் இதை இரண்டு முறை நிதானமாக விளக்கினார். பெரியவர், "கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் நீ பொய் சொல்கிறாய் என்று கேட்பான், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவால். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போட நினைப்பவர்களுக்கு: கொடுமை 2018 ஜூலை 1-க்கு முன் நடந்திருக்கவேண்டும், ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்கவேண்டும், ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி 2027 ஜூன் 30. இந்த வேலையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நீங்கள் போகும் வீட்டில் யாராவது "நான் ஹோமில் வளர்ந்தவன்" என்று சொன்னால், வற்புறுத்தாதீர்கள், இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது பொருளைப் பற்றி எழுதாமல் விட்டேன். அந்த மன்னிப்புச் சந்திப்பு. வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். நூலகத்தில் ஒரு சின்ன அறை, அவர் கேட்டபடி கதவு திறந்தே இருந்தது. அமைப்பிலிருந்து வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், அந்தக் காலத்தில் பிறந்தேகூட இருக்கமாட்டார். தட்டில் பிஸ்கட். பெரியவர் தொடவில்லை. மன்னிப்பை முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னையும் அண்ணனையும் வேறு வேறு கட்டடத்தில் போட்டது யார்?" என்று கேட்டார். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன்" என்றார்.

இதற்கு முன்னால் பெரியவர் தானாகவே அந்த அமைப்புக்கு எழுதிக் கேட்டபோது பழைய பதிவு ஒன்றுமில்லை, வெள்ளத்தில் போய்விட்டது என்று பதில் வந்திருந்தது. இப்போது தேடியதில் நாலு பக்கம் கிடைத்தது. ஒன்பது வருடத்துக்கு நாலு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்க உயரம், எடை. இன்னொன்றில் வழங்கப்பட்ட பொருட்கள்: சட்டை இரண்டு, கம்பளி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, அளவு 2. கட்டடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. கூடவே ஒரு போட்டோவின் நகல், முப்பது பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. சின்ன வயதுப் போட்டோ என்று அவரிடம் அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது வரிசையில் ஒரு பையனைக் காட்டி, "இது நான்" என்றார். அடுத்த வாரம் போனபோது வேறு ஒருவனைக் காட்டினார். அதற்கடுத்த வாரம் முகங்களையே விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கீழே இறக்கி, கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது பேரும் வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பூட்ஸ் எங்கே?" என்றார் என்னிடம்.